பிள்ளையின் ஆர்வம் வழிகாட்டும் வீட்டுக்கல்வி: கிறிஸ்தவப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே பிள்ளைகளுக்குக் கல்வி கொடுக்கும் ஹோம்ஸ்கூலிங், அமெரிக்கக் கிறிஸ்தவர்களிடையே வேரூன்றி நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. அதன் கிளைகளில் அதிகம் விவாதிக்கப்படுவது, பாடத்திட்டத்தையும் கால அட்டவணையையும் கைவிட்டுப் பிள்ளையின் ஆர்வத்தையே வழிகாட்டியாகக் கொள்ளும் அன்ஸ்கூலிங். அங்கே குடியேறிய தமிழ்க் குடும்பங்களும், இங்கே பள்ளிகளின் மதிப்பெண் ஓட்டத்தில் மனம் சலித்த பெற்றோரும் இதைப் பற்றி விசாரிக்கிறார்கள். நான் பிள்ளைகளின் ஆர்வத்தை மதிக்கும் கல்வியை மனதார ஆதரிப்பவன். ஆனால் பெற்றோர் தங்கள் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்வதை வேதத்தின் பெயரால் நியாயப்படுத்த முடியாது என்றும் உறுதியாக நம்புகிறேன். கீழே உள்ள பதில்களை அந்த நிலையிலிருந்தே எழுதியிருக்கிறேன்.

அன்ஸ்கூலிங் என்றால் என்ன? வழக்கமான ஹோம்ஸ்கூலிங்கிலிருந்து அது எங்கே பிரிகிறது?

வீட்டில் கற்பிக்கும் குடும்பங்களில் பெரும்பாலானவை பள்ளியின் ஒழுங்கை ஓரளவு வீட்டுக்குள்ளும் வைத்திருக்கின்றன. கணக்குக்கு ஒரு புத்தகம், இலக்கணத்துக்கு ஒரு புத்தகம், காலையில் இன்ன நேரத்துக்கு இன்ன பாடம் என்று அவர்களுடைய நாள் நகர்கிறது. அன்ஸ்கூலிங் குடும்பத்தில் முன்கூட்டியே வகுத்த பாட வரிசை கிடையாது. பிள்ளை எதை அறிய விரும்புகிறதோ அங்கிருந்து கல்வி தொடங்குகிறது. பெற்றோர் அதற்கு வேண்டிய புத்தகங்களையும் கருவிகளையும், அந்தத் துறையை அறிந்த மனிதர்களையும் தேடிக் கொண்டுவந்து சேர்க்கிறார்கள்.

அமெரிக்கக் கிராமப்புறத்தில் பத்து வயதுப் பிள்ளை ஒன்றுக்குத் தேனீக்கள் மேல் ஆசை பிறந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். நூலகத்திலிருந்து தேனீ பற்றிய புத்தகங்கள் வீட்டுக்கு வருகின்றன. ஊரில் தேனீ வளர்க்கும் முதியவர் ஒருவரிடம் பிள்ளை உதவியாளாகச் சேர்கிறது. 4-ஹெச் போன்ற இளையோர் மன்றத்தில் தன் பெட்டியைக் காட்சிக்கு வைக்கிறது. கூட்டின் அறைகள் ஏன் அறுகோணமாக இருக்கின்றன என்ற கேள்வியில் வடிவியல் நுழைகிறது. தேனை எடை போட்டு விற்கும்போது கணக்கு வந்துவிடுகிறது. சிம்சோன் சிங்கத்தின் உடலில் கண்ட தேனைப் பற்றி நியாயாதிபதிகள் 14ஆம் அதிகாரத்தில் வாசிக்கும்போது வேதமும் அதே பேச்சில் சேர்ந்துகொள்கிறது. இவற்றில் எதுவும் பாடவேளையாகத் திட்டமிடப்பட்டதில்லை. அதே சமயம் எதுவும் தானாக நடந்ததும் இல்லை. பிள்ளையின் ஒவ்வொரு அடிக்கும் முன்னால் பெற்றோரில் ஒருவர் தொலைபேசியில் விசாரித்திருக்கிறார், வண்டி ஓட்டியிருக்கிறார், பக்கத்தில் உட்கார்ந்து வாசித்திருக்கிறார். இந்த முறை பெற்றோருக்கு எளிது என்று எண்ணி இதில் இறங்குகிறவர்கள் சில மாதங்களிலேயே களைத்துப்போகிறார்கள்.

இதைத் தொடங்கியவர்கள் கிறிஸ்தவர்களா?

இல்லை. அன்ஸ்கூலிங் என்ற பெயரைப் பரப்பியவர் ஜான் ஹோல்ட் (1923–1985) என்ற அமெரிக்க ஆசிரியர். வகுப்பறையில் பிள்ளைகள் பயத்தினால் சரியான விடையை ஊகிக்கும் தந்திரத்தையே கற்கிறார்கள் என்பதைக் கூர்ந்து கவனித்து 1960களில் எழுதினார். பள்ளியைத் திருத்த முடியாது என்று முடிவுக்கு வந்தபின், 1977இல் 'குரோயிங் வித்தவுட் ஸ்கூலிங்' என்ற இதழைத் தொடங்கினார். அவருடைய வாதம் மத நம்பிக்கையின் மேல் எழுந்ததன்று. பிள்ளைகள் இயல்பிலேயே கற்கும் உயிர்கள் என்ற நம்பிக்கையே அதன் அடித்தளம்.

கிறிஸ்தவர்களிடம் இந்தச் சிந்தனை வேறொரு வாசல் வழியாக வந்தது. ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையைச் சேர்ந்த ரேமண்ட் மூர், டாரத்தி மூர் தம்பதியர், சிறுபிள்ளைகளை அவசரப்பட்டு எழுத்திலும் கணக்கிலும் உட்காரவைப்பது கேடு என்றும், முறையான பாடம் எட்டு வயதுக்குப் பிறகோ இன்னும் தாமதமாகவோ தொடங்கலாம் என்றும் 1975இல் வெளிவந்த தங்கள் நூலில் வாதிட்டார்கள். அவர்களுடைய சபையின் முன்னோடியான எலன் ஒயிட், எட்டு அல்லது பத்து வயது வரை பெற்றோரே பிள்ளையின் ஒரே ஆசிரியராக இருக்க வேண்டும் என்று 1872இலேயே எழுதியிருந்தார். கிறிஸ்தவக் குடும்ப ஆலோசகர் ஜேம்ஸ் டாப்ஸனின் வானொலி நிகழ்ச்சியில் ரேமண்ட் மூர் பேசியதைக் கேட்டே ஏராளமான சுவிசேஷக் குடும்பங்கள் ஹோம்ஸ்கூலிங் என்ற ஒன்று இருப்பதை அறிந்தன. ஆயினும் மூர் தம்பதியர் ஹோல்ட் சொன்ன முழுச் சுதந்திரத்தை ஏற்கவில்லை. படிப்பு, கையால் செய்யும் வேலை, பிறருக்குச் சேவை ஆகிய மூன்றும் அன்றாடம் கலந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் வகுத்த வழி. இன்று தங்களைக் கிறிஸ்தவ அன்ஸ்கூலர்கள் என்று சொல்லிக்கொள்ளும் பல குடும்பங்கள், தாங்கள் அறியாமலே ஹோல்ட்டைவிட மூர் தம்பதியருக்கு அருகில் நிற்கின்றன.

வேதாகமம் இப்படிப்பட்ட கல்வியை ஆதரிக்கிறதா?

வேதாகமம் பள்ளியைக் கட்டளையிடவும் இல்லை, விலக்கவும் இல்லை. ஆகவே எந்த முறையையும் 'வேதம் சொல்லும் ஒரே முறை' என்று விற்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். ஆனால் பிள்ளைகள் எப்படிக் கற்கிறார்கள் என்பதைப் பற்றி வேதம் மௌனமாக இல்லை.

எல்லோரும் காட்டும் வசனம் உபாகமம் 6:7: 'நீ அவைகளை உன் பிள்ளைகளுக்குக் கருத்தாய்ப் போதித்து, நீ உன் வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோதும், வழியில் நடக்கிறபோதும், படுத்துக்கொள்ளுகிறபோதும், எழுந்திருக்கிறபோதும் அவைகளைக்குறித்துப் பேசி'. வாழ்க்கையின் ஓட்டத்திலேயே கற்பது என்ற அன்ஸ்கூலிங் கருத்துக்கு இது அரணாகத் தோன்றுகிறது. ஆனால் 'கருத்தாய்ப் போதித்து' என்ற சொற்களையும் விட்டுவிடக் கூடாது. பேச்சு இயல்பாக நடக்கலாம். எதைப் பேசுவது என்பதைப் பிள்ளையின் விருப்பத்துக்கு மோசே விட்டுவிடவில்லை.

இதைவிட ஆழமான வெளிச்சம் யோசுவா 4ஆம் அதிகாரத்தில் இருப்பதாக நான் கருதுகிறேன். இஸ்ரவேலர் யோர்தானைக் கடந்தபோது ஆற்றின் நடுவிலிருந்து பன்னிரண்டு கற்களை எடுத்து வந்து நிறுத்துகிறார்கள். நாளைக்குப் பிள்ளைகள் 'இந்தக் கற்கள் ஏது' என்று கேட்பார்கள், அப்போது கர்த்தர் செய்ததைச் சொல்லுங்கள் என்பது கட்டளை. பஸ்கா பண்டிகையிலும் இதே ஒழுங்கைக் காணலாம். 'இந்த ஆராதனையின் கருத்து என்ன' என்று பிள்ளைகள் கேட்பதிலிருந்தே போதனை தொடங்குகிறது (யாத்திராகமம் 12:26). இங்கே கேள்வி பிள்ளையுடையது. அதைத் திணிக்கவும் முடியாது, அவசரப்படுத்தவும் முடியாது. கல்லை நிறுத்துவதோ பெரியவர்களுடைய வேலை. பிள்ளை எந்த வழியாகப் போனாலும் கண்ணில் படும் இடத்தில் எதை வைப்பது என்று தீர்மானித்தவர்கள் அவர்கள். கேட்டபோது சொல்லப் பதிலும் அவர்களிடம் ஆயத்தமாக இருந்தது. கிறிஸ்தவ அன்ஸ்கூலிங் என்று ஒன்று இருக்க முடியுமானால் அதன் வடிவம் இதுதான்.

ஆலயத்தில் போதகர் நடுவில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டும் வினாவிக்கொண்டும் இருந்த பன்னிரண்டு வயது இயேசுவையும் சிலர் சான்றாகக் காட்டுகிறார்கள். அழகான காட்சிதான், ஆனால் அதே அதிகாரம் அவர் நாசரேத்துக்குத் திரும்பிப் பெற்றோருக்குக் கீழ்ப்படிந்திருந்தார் என்றும் சொல்வதைச் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

'தன் இஷ்டத்திற்கு விடப்பட்ட பிள்ளையோ தன் தாய்க்கு வெட்கத்தை உண்டுபண்ணுகிறான்' என்று நீதிமொழிகள் 29:15 சொல்கிறதே. மனிதன் பிறக்கும்போதே பாவ இயல்போடு பிறக்கிறான் என்ற ஜென்மப் பாவத்தை நம்பும் நாம் பிள்ளையின் விருப்பத்தை எப்படி நம்புவது?

இதுதான் மையக் கேள்வி. இதை லேசாகக் கடந்துபோகும் எந்த ஆதரவாளரையும் நான் நம்புவதில்லை. மனிதன் இயல்பில் நல்லவன், சமூகமே அவனைக் கெடுக்கிறது என்று தத்துவஞானி ரூசோ 1762இல் கல்வி பற்றி எழுதிய நூலில் வாதிட்டார். பிள்ளையை முழுவதும் நம்பு என்ற நவீனக் குரலில் அதன் எதிரொலியைக் கேட்கலாம். 'பிள்ளையின் நெஞ்சில் மதியீனம் ஒட்டியிருக்கும்' என்று நம்புகிற கிறிஸ்தவன் அதை அப்படியே ஏற்க முடியாது.

ஆனால் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, ஆர்வம் பாவத்தின் விளைவன்று. ஆதாம் பாவத்தில் விழுவதற்கு முன்னரே அவனிடம் மிருகங்களைக் கொண்டுவந்து, அவன் அவற்றுக்கு என்ன பெயரிடுவான் என்று தேவன் பார்த்தார். அறிய விரும்பும் மனம் படைப்பிலேயே கொடுக்கப்பட்டது. ஏழு வயதுப் பிள்ளைக்குப் பெருக்கல் வாய்பாட்டில் மனம் செல்லாதது கலகம் ஆகாது. பல நேரம் அதற்கு அந்த வயது வரவில்லை, அவ்வளவுதான். இரண்டாவது, பாவம் பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் இருக்கிறது. பிள்ளையைத் திருத்துகிறோம் என்ற பெயரில் நம் கௌரவத்தையும் கோபத்தையும் அதன்மேல் சுமத்துகிறோம். 'உங்கள் பிள்ளைகள் திடனற்றுப்போகாதபடி, அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள்' என்று கொலோசெயர் 3:21 தகப்பன்மாரை எச்சரிப்பது இதற்காகவே.

ஜென்மப் பாவக் கோட்பாட்டை மேற்குச் சபைக்கு வகுத்துக் கொடுத்த அகஸ்தீனே இந்தக் கேள்வியை எதிர்கொண்டிருக்கிறார். தன் வாழ்வைத் தேவனிடம் அறிக்கையிடும் நூலின் முதல் பாகத்தில், லத்தீனைத் தான் தாதிகளின் கொஞ்சலிலும் விளையாட்டிலும் பயமின்றிக் கற்றதையும், கிரேக்கத்தைத் தண்டனைக்கு அஞ்சிக் கற்கநேர்ந்து அதை வெறுத்ததையும் ஒப்பிடுகிறார். கட்டற்ற ஆர்வத்துக்கு இருக்கும் வலிமை பயமுறுத்தலுக்கு இல்லை என்று ஒப்புக்கொள்கிறார். ஆனால் அவர் அங்கேயே நின்றுவிடவில்லை. அந்த ஆர்வம் கரைபுரண்டு ஓடாதபடி தேவனுடைய நியமங்கள் சிட்சையினால் அதை அடக்குகின்றன என்றும் உடனே சேர்க்கிறார். மனித இயல்பைப் பற்றி இவ்வளவு கண்டிப்பான கருத்துடைய ஒருவர் ஆர்வத்தின் வலிமையை இவ்வளவு தெளிவாக ஏற்றது, இரு தரப்பாரும் நின்று யோசிக்க வேண்டிய இடம்.

நீதிமொழிகள் 29:15க்கு வருவோம். அந்த வசனம் கண்டிக்கும் குற்றம், கவனிப்பாரின்றிக் கைவிடப்படுதல். நாள் முழுவதும் பிள்ளையோடு இருந்து, பேசி, திருத்தி, ஜெபித்து, ஆனால் கணக்குப் புத்தகத்தை மட்டும் ஒத்திவைக்கும் தாயை அது குற்றப்படுத்துவதாக நான் வாசிக்கவில்லை. பிள்ளையின் கையில் கைபேசியைக் கொடுத்துவிட்டு அதற்கு அன்ஸ்கூலிங் என்று பெயர் சூட்டும் பெற்றோரை அது நேராகவே சுட்டுகிறது.

அப்படியானால் உணவு, உறக்கம், திரைநேரம் எல்லாவற்றையும் பிள்ளையே தீர்மானிக்கலாமா?

அப்படிச் செய்பவர்களும் இருக்கிறார்கள். அதை ராடிக்கல் அன்ஸ்கூலிங் என்பார்கள். கிறிஸ்தவக் குடும்பங்களில் மிகப் பெரும்பாலோர் இந்த எல்லைக்கு முன்பே நின்றுவிடுகிறார்கள். அவர்கள் செய்வது சரி என்பேன். எபேசியர் 6:4 'கர்த்தருக்கேற்ற சிட்சையிலும் போதனையிலும்' வளர்க்கும் கடமையைப் பெற்றோர்மேல் வைக்கிறது. கற்கும் பொருளையும் வேகத்தையும் பிள்ளைக்கு விட்டுக்கொடுக்கலாம். கீழ்ப்படிதலையும் வீட்டு வேலையில் பங்கெடுப்பதையும் விட்டுக்கொடுக்க முடியாது.

வேத வாசிப்பும் ஜெபமும் கூடப் பிள்ளையின் விருப்பம்தானா?

குடும்ப ஜெபம் குடும்பத்தின் வழக்கம். சாப்பாட்டைப் போல அதில் எல்லோரும் சேர்ந்து உட்காருகிறோம். அதை விருப்பப் பாடமாக்கும் கிறிஸ்தவ அன்ஸ்கூலர்களை நான் அதிகம் கண்டதில்லை. ஆனால் அந்த வேளையிலும் பிள்ளையின் கேள்விக்கு இடம் வேண்டும். ரோம் நகரில் 1954இல் சோபியா கவல்லெத்தி, கல்வியாளர் மரியா மாண்டிசோரியின் வழியைப் பின்பற்றிச் சிறுபிள்ளைகளுக்கான மறைக்கல்வி முறை ஒன்றைத் தொடங்கினார். நல்ல மேய்ப்பன் உவமையைச் சிறு மர உருவங்களால் ஒருமுறை காட்டிவிட்டு, பிறகு பிள்ளைகளே அவற்றைக் கையில் எடுத்துத் தங்கள் வேகத்தில் தியானிக்க விடுவது அதன் வழி. மூன்று வயதுப் பிள்ளையும் தேவனை நாடக்கூடியது என்ற மரியாதை அதில் இருக்கிறது. மனப்பாட வசனத்துக்குப் பரிசு கொடுப்பதோடு நின்றுவிடும் நம் ஞாயிறு பள்ளிகளும் இதிலிருந்து கற்கலாம்.

சபை வரலாற்றில் வீட்டிலேயே பிள்ளைகளைக் கற்பித்த பக்தர்கள் பலர் இருக்கிறார்களே, அவர்கள் இந்த முறைக்கு முன்மாதிரியா?

பெரும்பாலும் இல்லை. அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் சூசன்னா வெஸ்லி, இங்கிலாந்தின் எப்வொர்த் குருமனையில், பின்னாளில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான், சார்லஸ் உள்ளிட்ட தம் பிள்ளைகளுக்குத் தாமே கற்பித்தவர். 1732இல் மகன் ஜானுக்கு எழுதிய கடிதத்தில் தம் முறையை விவரித்திருக்கிறார். ஐந்து வயது நிறைந்ததும் முதல் நாளிலேயே எழுத்துகள் முழுவதும் கற்றாக வேண்டும். தினமும் ஆறு மணி நேரம் வகுப்பு. பிள்ளையின் சுயசித்தத்தைச் சிறு வயதிலேயே அடக்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. இது அன்ஸ்கூலிங்குக்கு நேர் எதிர். ஆயினும் வாரத்தில் ஒவ்வொரு மாலையும் ஒரு பிள்ளைக்கென்று ஒதுக்கி அதனோடு தனியே பேசினார். வியாழக்கிழமை மாலை ஜானுடையது. வளர்ந்து பெரியவரான பிறகும் ஜான் அந்த வேளையை ஏக்கத்தோடு நினைவுகூர்ந்தார்.

நடுவழியில் நிற்பவர் ஷார்லட் மேசன் (1842–1923). இங்கிலாந்தின் ஆம்பிள்சைடில் தாதிகளுக்கும் ஆசிரியைகளுக்கும் பயிற்சி நிலையம் நடத்திய ஆங்கிலிக்கன் பெண்மணி. பிள்ளைகள் பிறக்கும்போதே முழு மனிதர்கள் என்பது அவர் கல்விக் கொள்கையின் முதல் வாக்கியம். ஆறு வயது வரை முறையான பாடம் வேண்டாம், வெளியில் புல்லிலும் மரத்தடியிலும் மணிக்கணக்கில் விடுங்கள் என்றார். பெற்றோர் எல்லாவற்றிலும் தலையிடாமல் பார்த்துக்கொண்டிருக்கும் கலையையும் கற்பித்தார். ஆனால் ஆறு வயதுக்குப் பின் அவரிடம் கால அட்டவணை உண்டு. சுருக்கமான பாடவேளைகள், நல்ல எழுத்தாளர்களின் புத்தகங்கள், வாசித்ததைப் பிள்ளை தன் சொற்களில் திருப்பிச் சொல்லுதல் எல்லாம் உண்டு. பிள்ளையை மதிக்கவும் வேண்டும், வெறுமையாக விட்டுவிடவும் மனமில்லை என்று தயங்கும் குடும்பத்துக்கு நான் முதலில் சொல்லும் பெயர் இவருடையதுதான்.

சபைகள் என்ன சொல்கின்றன?

கத்தோலிக்கத் திருச்சபை, பெற்றோரே பிள்ளைகளின் முதன்மையான கல்வியாளர்கள் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் 1965ஆம் ஆண்டு அறிக்கையில் சொல்கிறது. பள்ளிகளின் இன்றியமையாமையையும் அதே அறிக்கை வலியுறுத்துகிறது.

சீர்திருத்தச் சபையினர் மார்ட்டின் லூத்தரை மறந்துவிடக் கூடாது. 1529இல் அவர் எழுதிய சிறிய ஞானோபதேசம் என்னும் கேள்வி-பதில் நூல், வீட்டுத் தலைவன் தன் வீட்டாருக்கு எளிமையாகக் கற்பிப்பதற்காகவே அமைக்கப்பட்டது. ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு வழியாகத் தரங்கம்பாடியில் தமிழிலும் வந்தது. ஆனால் அதே லூத்தர், நகரங்கள் தோறும் பள்ளிகளை நிறுவுமாறு ஜெர்மானிய நகர மன்றங்களுக்கு 1524இல் எழுதினார். அவர் காட்டிய காரணங்கள் இன்றும் சுடுகின்றன: சில பெற்றோருக்குப் பிள்ளைகளைக் கற்பிக்க மனமே இல்லை, பெரும்பாலோருக்கு அதற்கான திறமை இல்லை, மனமும் திறமையும் உள்ளவர்களுக்கோ நேரம் இல்லை. தமிழகத்தின் மிஷன் பள்ளிகளில் எழுத்தறிந்த முதல் தலைமுறையின் பேரப்பிள்ளைகள் நாம். எழுதப்படிக்கத் தெரியாத பெற்றோருக்குப் பள்ளி என்னவாக இருந்தது என்பதை நினைத்தால், பள்ளியையே தீமை என்று பேசும் சில அமெரிக்க எழுத்துகளோடு என்னால் உடன்பட முடியவில்லை.

கணக்கும் வாசிப்பும் பிந்திப்போனால் என்ன செய்வது?

கணக்கைப் பொறுத்தவரை, நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் மான்செஸ்டர் நகரில் கல்விக் கண்காணிப்பாளராக இருந்த எல். பி. பெனசெட்டின் சோதனையை அன்ஸ்கூலர்கள் காட்டுவார்கள். 1929இல் தொடங்கி, சில வகுப்புகளில் ஆறாம் வகுப்பு வரை முறையான கணக்குப் பாடத்தையே அவர் நீக்கினார். ஆறாம் வகுப்பில் தொடங்கிய அந்தப் பிள்ளைகள் ஓராண்டுக்குள் மற்றவர்களை எட்டிப்பிடித்தார்கள். ஆனால் அந்த ஆண்டுகளில் அவர்கள் சும்மா இருக்கவில்லை. அளவுகளை மதிப்பிட்டார்கள், வாசித்ததையும் கண்டதையும் வாயால் விவரித்தார்கள், கடிகாரமும் பணமும் கையாண்டார்கள். தள்ளிப்போட்டது எழுத்துக் கணக்கை மட்டுமே.

வாசிப்பில் எனக்கு அவ்வளவு துணிவு இல்லை. எட்டு, ஒன்பது வயதில் தானாக வாசிக்கத் தொடங்கும் பிள்ளைகள் உண்மையிலேயே உண்டு. ஆனால் பார்வைக் குறை, காது கேட்பதில் குறை, எழுத்துகளை வாசிப்பதில் இடர்தரும் டிஸ்லெக்ஸியா ஆகியவையும் அதே தோற்றத்தில்தான் வரும். டிஸ்லெக்ஸியா உள்ள பிள்ளைக்கு ஒலியையும் எழுத்தையும் இணைத்துப் படிப்படியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். காத்திருப்பது அதற்கு மருந்தாகாது. ஏழு வயதிலும் எழுத்துகள் பிடிபடவில்லை என்றால் பரிசோதனை செய்துவிடுங்கள். எல்லாம் நலம் என்று தெரிந்தபின் பொறுமையாக இருப்பது விசுவாசம். தெரியாமலே பொறுமையாக இருப்பதை அப்படிச் சொல்ல முடியாது.

ஆய்வுகள் என்ன காட்டுகின்றன?

சிறிய ஆய்வுகள்தான் இருக்கின்றன. அவற்றை இரு தரப்பாரும் தங்களுக்கு வசதியாக வளைக்கிறார்கள். கனடாவில் 2011இல் வெளியான ஓர் ஆய்வு, 5 முதல் 10 வயது வரையிலான 37 பள்ளிப் பிள்ளைகளையும் 37 வீட்டுக்கல்விப் பிள்ளைகளையும் ஒப்பிட்டது. ஒழுங்கான பாடத்திட்டத்தோடு வீட்டில் கற்ற 25 பேர் பள்ளிப் பிள்ளைகளைவிட மேலாகவும், பாடத்திட்டம் இல்லாத 12 பேர் எல்லாரையும்விடக் கீழாகவும் மதிப்பெண் பெற்றார்கள். பன்னிரண்டு பேரை வைத்து ஒரு முறையையே தள்ளிவிட முடியாது; அந்த வயதில் பிந்துவது அவர்கள் எதிர்பார்த்ததுதான் என்றும் ஆதரவாளர்கள் சொல்வார்கள். ஆனால் இந்த முடிவை மறைத்துவிட்டு, வீட்டுக்கல்விப் பிள்ளைகள் எல்லோருமே முந்துகிறார்கள் என்று சபைக் கூட்டங்களில் பேசுவது உண்மைக்கு விரோதமானது.

மறுபக்கம், பீட்டர் கிரே, ஜீனா ரைலி என்ற ஆய்வாளர்கள் அன்ஸ்கூலிங்கில் வளர்ந்த 75 பெரியவர்களிடம் விசாரித்தார்கள். அவர்களில் 83 விழுக்காட்டினர் ஏதோ ஒரு வகை உயர்கல்விக்குச் சென்றிருந்தார்கள்; தங்கள் வளர்ப்பில் மிகவும் வருந்தியவர்கள் மூவர் மட்டுமே. தாமாக முன்வந்து பதில் சொன்னவர்களின் கணக்கு இது என்பதால், முறை பலனளிக்காதவர்கள் இதில் குறைவாகவே இடம்பெற்றிருப்பார்கள்.

சட்டம் இதை அனுமதிக்கிறதா?

அமெரிக்காவில் 1993 முதல் ஐம்பது மாநிலங்களிலும் வீட்டுக்கல்வி சட்டபூர்வமானது. பிள்ளை அரசின் வெறும் படைப்பு அன்று என்று உச்ச நீதிமன்றம் 1925இல் தீர்ப்பளித்ததும், நவீன வாழ்விலிருந்து ஒதுங்கி வாழும் ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவின் பெற்றோர் எட்டாம் வகுப்போடு பிள்ளைகளை நிறுத்தலாம் என்று 1972இல் தீர்ப்பளித்ததும் இந்த வாதங்களுக்கு வலுச் சேர்த்தன. ஆனால் அன்ஸ்கூலிங் குடும்பத்துக்கு மாநிலம் மிக முக்கியம். டெக்சாஸில் முன்னறிவிப்புகூட வேண்டியதில்லை. வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணக்கு, நற்குடிமை ஆகியவற்றை உண்மையான முறையில் கற்பித்தால் போதும். பென்சில்வேனியாவில் ஆண்டுக்கு 180 நாள் அல்லது அதற்கு ஈடான மணிநேரக் கல்வி, பிள்ளையின் வேலைகளைத் தொகுத்த கோப்பு, தகுதியுள்ள ஒருவரின் மதிப்பீடு ஆகியவை தேவை. நியூயார்க்கில் காலாண்டு அறிக்கை கொடுக்க வேண்டும். அங்கேயெல்லாம் அன்ஸ்கூலர்கள் நாட்குறிப்பு எழுதி, நடந்ததைப் பாட வாரியாகப் பிரித்துக் காட்டுகிறார்கள்.

ஜெர்மனி இதை அனுமதிப்பதில்லை. மத நம்பிக்கையின் பேரில் விலக்குக் கேட்ட ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தின் மனுவை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2006இல் ஏற்க மறுத்தது.

இந்தியாவில் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயதுப் பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று 10ஆம் பிரிவில் சொல்கிறது. அதைச் செய்யாத பெற்றோருக்குத் தண்டனை எதையும் அந்தச் சட்டம் விதிக்கவில்லை. வீட்டுக்கல்வியை அது வெளிப்படையாக அங்கீகரிக்கவும் இல்லை. இங்கே வீட்டில் கற்பிக்கும் குடும்பங்கள் பெரும்பாலும் என்ஐஓஎஸ் என்னும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்புக்கு நிகரான தேர்வை எழுதவைக்கிறார்கள். அதற்குக் குறைந்தபட்ச வயது 14. மருத்துவம், பொறியியல் போன்ற நுழைவுத்தேர்வுகளை நோக்கிப் போகும் பிள்ளைக்கு அந்த வயதிலிருந்தாவது ஒழுங்கான பாடப் படிப்பு தேவைப்படும். இதைப் பிள்ளையிடம் முன்கூட்டியே பேசிவிடுவது நேர்மை.

பிள்ளை உலகத்திலிருந்து ஒதுங்கிவிடாதா?

ஒதுக்கினால் ஒதுங்கும். அமெரிக்காவில் பல குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் கோ-ஆப் குழுக்களும், சபை வாலிபர் குழுக்களும், விளையாட்டு மன்றங்களும் உண்டு. எனக்குக் கவலை நண்பர்களின் எண்ணிக்கையைப் பற்றியதன்று. தன் சபையாரைத் தவிர வேறு யாரையும், வேறு மதத்தாரையும் வேறு கருத்துடையவரையும் அறியாமல் வளரும் பிள்ளை, பிறனை நேசி என்ற கட்டளையை யாரிடத்தில் பழகும்?

இந்தச் சுதந்திரம் பிள்ளைக்குக் கேடாக முடிந்ததில்லையா?

முடிந்திருக்கிறது. வீட்டுக்கல்வியில் வளர்ந்த இளைஞர்களே 2013இல் அமெரிக்காவில் 'பொறுப்பான வீட்டுக்கல்விக்கான கூட்டமைப்பு' என்ற அமைப்பை உருவாக்கி, பிள்ளைகளின் கல்வியை ஆண்டுதோறும் வெளியார் ஒருவர் மதிப்பிட வேண்டும் என்று கேட்டுவருகிறார்கள். அவர்களில் பலர் பக்தியுள்ள கிறிஸ்தவ வீடுகளில் வளர்ந்தவர்கள். பதினாறு வயதில் பின்னக் கணக்குத் தெரியாமல் வெளியே வந்ததையும், மூத்த மகளாகப் பிறந்ததால் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்வதே தன் கல்வியாகிப்போனதையும், வீட்டில் நடந்த கொடுமையை வெளியார் யாரும் காணாததையும் அவர்கள் எழுதுகிறார்கள். பெற்றோரின் உரிமையைக் காக்க 1983இல் தொடங்கப்பட்ட எச்எஸ்எல்டிஏ போன்ற சட்ட அமைப்புகள் இத்தகைய கண்காணிப்பை எதிர்க்கின்றன. இதில் நான் பிள்ளைகளின் பக்கம் நிற்கிறேன். பெற்றோரின் அதிகாரம் தேவனிடமிருந்து வந்தது என்று நம்புகிறவர்கள், அதற்குக் கணக்குக் கொடுக்கவும் ஆயத்தமாக இருக்க வேண்டும். சட்டம் கேட்காவிட்டாலும், பிள்ளையை அறிந்த ஓர் ஆசிரியரையோ உறவினரையோ ஆண்டுக்கொருமுறை அழைத்துப் பிள்ளையோடு தனியே பேசி, வாசிக்கவைத்து, உங்களிடம் ஒளிக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.

கணவனுக்கும் மனைவிக்கும் இதில் ஒருமனம் இல்லாவிட்டால்?

தொடங்காதீர்கள். வேலையின் பெரும்பகுதி தாயின் தோளில்தான் விழுகிறது; அவருக்கு மனமில்லாமல் தகப்பன் தீர்மானிப்பது அநியாயம். தகப்பனுக்கு நம்பிக்கையில்லாமல் தாய் தொடங்கினால், பிள்ளையின் ஒவ்வொரு தடுமாற்றமும் அவர் மேல் குற்றச்சாட்டாக வந்து விழும். கோடை விடுமுறையில் இரண்டு மாதம் இப்படி வாழ்ந்து பார்த்துவிட்டு இருவரும் சேர்ந்து பேசுங்கள்.

தொடங்கிவிட்டோம், ஒத்துவரவில்லை. மீண்டும் பள்ளிக்கு அனுப்பலாமா?

அனுப்பலாம், அதில் விசுவாசக் குறைவு எதுவும் இல்லை. பள்ளியை விட்டு வந்த புதிதில் பிள்ளை பல வாரங்கள் எதிலும் ஈடுபடாமல் இருப்பது இயல்பு என்பதால், முதல் சில மாதங்களை வைத்து முடிவெடுக்க வேண்டாம். ஓராண்டு கழிந்தும் பிள்ளை எதையும் கேட்காமல் சோர்ந்திருந்தாலோ, தாயின் உடல்நலமோ மனநலமோ குலைந்தாலோ, குடும்ப வருமானம் இதைத் தாங்காவிட்டாலோ பள்ளியை நாடுங்கள். இந்தியாவில் கல்வி உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவின்படி, 6 முதல் 14 வயது வரை பள்ளியில் இல்லாதிருந்த பிள்ளையை அதன் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும்; மற்றவர்களை எட்டுவதற்கான சிறப்புப் பயிற்சியும் அதன் உரிமை. அமெரிக்காவில் அரசுப் பள்ளிகள் ஒரு மதிப்பீட்டுத் தேர்வு வைத்து வகுப்பைத் தீர்மானிப்பது வழக்கம். எந்த நாட்டிலானாலும் வீட்டில் கற்ற ஆண்டுகளின் நாட்குறிப்பு, வாசித்த நூல்களின் பட்டியல், பிள்ளை செய்தவற்றின் புகைப்படங்கள் ஆகியவற்றைப் பத்திரமாக வைத்திருந்து சேர்க்கையின்போது எடுத்துச் செல்லுங்கள். பள்ளிக்குப் போகும் நாள் எது என்பதைப் பிள்ளையோடு கலந்து பேசியே குறியுங்கள்.